மேற்குச் சுவரில் நான் வெட்டிய ஜன்னல்

நான் கட்டினதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவன் தறியில் கூலிக்கு நின்றேன். அப்படி நின்றுகொண்டே, ஒருத்தன் வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்டிருந்த பழைய விசைத்தறி ஒன்றை வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, சங்கரன்கோவில் தெருவழியாகக் கொண்டுவந்தேன். பார்த்தவன் எல்லாம் சிரித்தான். இது ஓடுமா, இல்லை இரும்புக்கடைக்குத் திரும்பிப் போகுமா என்று கேட்டான். ஓடியது. ஒன்று நாலானது. நாலு எட்டானது. கரிசல் மண்ணில் சுவர் நிற்காது, ஒரு கோடை தாண்டினால் வாயைப் பிளக்கும் என்றார்கள். ஆள் ஆழத்துக்குத் தோண்டி, சரளை கொட்டி நிரப்பித் தறிக்கூடம் கட்டினேன். இன்றைக்கும் வந்து பாருங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் சொல்லுங்கள். அதை ஒட்டி வீடு கட்டினேன். தண்ணீர் கிடைக்காது என்று சொன்ன இடத்தில் குழாய் இறக்கினேன். உப்புத் தண்ணீர்தான், ஆனால் வந்தது. மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தேன். மகனை இன்ஜினீயரிங் படிக்கவைத்தேன். கரண்ட் விட்டு விட்டு வந்த காலத்திலும், நூல் விலை ஏறித் தெருவே படுத்த காலத்திலும், என் கூடத்தில் தறிச்சத்தம் நின்றது கிடையாது.

இதற்கெல்லாம் எனக்குப் பேர் உண்டு. கடைசியாக நான் செய்த ஒரு வேலைக்குத்தான் பேர் இல்லை. அதைக் கட்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, இடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் வீட்டு மேற்குச் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். எங்கள் பக்கம் ஆனி பிறந்தால் மேல்காற்று, மேற்கே மலைப்பக்கமிருந்து வீசுகிற காற்று. மலையைத் தாண்டும்போதே அது தன் ஈரத்தை எல்லாம் குற்றாலத்திலும் கடையநல்லூரிலும் உதறிவிட்டு வந்துவிடும். அவர்களுக்குச் சாரல், எங்களுக்குப் புழுதி. அந்த வறட்டுக் காற்று தறிக்காரனுக்கு ஆகாது. பாவு என்று சொல்கிறோமே, சேலையின் நீளத்துக்கு ஓடுகிற நூல், அதில் கொஞ்சம் ஈரப்பதம் இருந்தால்தான் தறி ஓடும். மேல்காற்று பட்டால் பாவு காய்ந்து இழை படபடவென்று அறும். ஒன்றைப் பிடித்து முடிச்சுப் போட்டு ஓட்டுவதற்குள் பக்கத்து இழை அறும். நாள் பூரா நின்றாலும் ஒரு சேலை இறங்காது.

அதனால் எங்கள் தெருவில் தறி இருந்த எந்த வீட்டிலும் மேற்கே ஜன்னல் கிடையாது. மற்றப் பக்கத்து ஜன்னல்களும் பேருக்குத்தான். பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட, “வீட்டுக்குள்ள மேகாத்து வருமா?” என்று கேட்பார்கள். வராது என்று சொன்னால்தான் அடுத்த பேச்சு.

ஆனிக்கு முன்னால் இன்னொரு வேலை நடக்கும். ஒரு முழ நூலை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவோம். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, சுவரும் தட்டும், அதாவது மேல்தளமும், சேருகிற மூலை என்று ஒவ்வொரு இடத்திலும் நூலைத் தொங்கவிட்டுப் பார்ப்போம். நூல் அசைந்தால் அங்கே காற்று நுழைகிறது. உடனே கழிவு நூலைக் கம்பியால் குத்தித் திணித்து அடைத்துவிடுவோம். இதில் என் வீட்டுக்காரியை மிஞ்ச ஆள் கிடையாது. நூலைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பாள். தன் மூச்சு பட்டு நூல் ஆடிவிடக் கூடாதாம். “பேசாதிய, ஆடுது ஆடுது” என்று என்னைக் கையால் தள்ளிவிடுவாள். அவள் அடைத்த வீட்டுக்குள் ஒரு எறும்பு கொட்டாவி விட்டால்கூடத் தெரியும். அப்படி அடைப்பாள்.

தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பதும் அவள்தான். தார் சுற்றுவது என்போம். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலை ஏற்றுகிற வேலை. அந்த மிஷின் வீட்டின் நடு அறையில் இருந்தது. அந்த அறையின் மேற்குச் சுவர்தான் வீட்டின் கடைசிச் சுவர். அதற்கப்பால் புறவாசலும் முருங்கை மரமும், அதற்கும் அப்பால் கரிசல்காடும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து தார் சுற்றினாள். பஞ்சுத்தூசி பறக்கும். சாயங்காலம் எழுந்து வரும்போது புருவம் நரைத்த மாதிரி இருக்கும். “பாத்தியளா, ஒரே நாள்ல கெழவி ஆயிட்டேன்” என்று சிரித்துக்கொண்டே முகம் கழுவுவாள். தாளிக்கிற புகை, சாம்பிராணி, கொசுவத்தி எல்லாம் அந்த அறைக்குள்தான் சுற்றிக்கொண்டு கிடக்கும். வெளியே போக வழி ஏது?

பிறகு தறித் தொழில் படுத்தது. எட்டுத் தறியும் போயின. எல்லாரையும் விடக் கடைசியாகத்தான் நான் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தறி போன பிறகும் ஆனி பிறந்தால் எங்கள் கை சும்மா இருக்கவில்லை. அவள் இடுக்கில் நூல் திணிப்பாள், நான் ஜன்னல் கொக்கியை இறுக்குவேன். எதற்கு என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டது கிடையாது. காற்று என்றால் சாத்த வேண்டும், அவ்வளவுதான்.

அவளுக்கு இருமல் எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அது அந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி இருந்துகொண்டே இருந்தது. படி ஏறினால் வாங்கும் மூச்சு, பிறகு நடந்தால் வாங்க ஆரம்பித்தது. பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கியது. படுத்தால் அடைக்கிறது என்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினாள். அவள் நெஞ்சுக்குள் விசில் மாதிரியும் தடதடப்பு மாதிரியும் ஒரு சத்தம். ஒருநாள் நான் காதை வைத்துக் கேட்டேன்.

“என்ன கேக்கு?” என்றாள்.

“என்னமோ ஓடுது.”

“நீங்க வித்துப்புட்டியள்லா எட்டுத் தறி. அது எங்கயும் போவல. இங்கனதான் ஓடுது” என்றாள். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். மகளும் கூட வந்தாள், மகன் போனில் இருந்தான். டாக்டரம்மா சின்ன வயசு, என் மகளைவிட இளையவர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“வீட்டில் ஜன்னல் இருக்கா ஐயா?”

“ஏழு இருக்கும்மா. எல்லாம் தேக்கு. நானே மரம் பாத்து அறுத்தது.”

“எத்தனை திறந்திருக்கும்?”

நான் பதில் யோசிக்கிறதுக்குள் என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். “ஆத்தாடி, திறக்கவா? பெயிண்ட் அடிச்சப்ப ஒட்டினது. மூணு பேரு தள்ளினாலும் வராது.”

“கொசுவத்தி?”

“உண்டும்மா.”

“சமையல் புகை எங்கே போகும்?”

“எங்க போவும்? எங்ககூடத்தான் இருக்கும்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நுரையீரலில் கெட்டது கெட்டதுதான், அது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். உறிஞ்சுகிற மருந்து எழுதிக்கொடுத்தார். “மருந்து நான் தாரேன். வீட்டுக்குள்ள காற்று ஓடணும். அதை நீங்கதான் செய்யணும் ஐயா” என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்துச் சொல்லவில்லை. போனில் இருந்த மகனிடமும் சொல்லவில்லை. இதை நான் மறக்க மாட்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மகள் தன் தோளில் அம்மாவைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். ஊர் எல்லை வந்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அடைச்சு அடைச்சு வச்சே அம்மாவ இப்படி ஆக்கிட்டிய” என்றாள்.

“இழை அறுந்திருந்தா நீ என்னத்தத் தின்னுருப்ப?” என்று கேட்டேன்.

அவள் அழுதாள். நான் கேட்டதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டை அடைத்ததால்தான் தறி ஓடியது. தறி ஓடியதால்தான் அவள் கட்டியிருந்த சேலை, அவள் தம்பி படிப்பு எல்லாம். ஆனால் பதில் தெரிந்திருந்தும் என் நெஞ்சு ஆறவில்லை.

மறுவாரம் பெங்களூரிலிருந்து மகன் ஒரு மிஷின் அனுப்பினான். காற்றைச் சுத்தம் பண்ணுகிற மிஷின். தூண் மாதிரி வெள்ளையாக நிற்கும், உச்சியில் ஒரு விளக்கு. அறைக் காற்று கெட்டிருந்தால் சிவப்பு, நன்றாக இருந்தால் நீலம். போனில் வந்து எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தான்.

“யப்பா, முக்கியமா கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியே இருக்கணும். திறந்து போட்டா மிஷின் இழுத்து இழுத்து வீணாப்போவும்.”

“ஏலே, சாத்தினதாலதான் இந்தக் கதின்னு டாக்டரம்மா சொல்லுதாங்க.”

“அவங்க பொதுவாச் சொல்லியிருப்பாங்கப்பா. வெளிக் காத்துல என்னெல்லாம் இருக்கு தெரியுமா? ஒங்களுக்குப் புரியாது.”

எனக்குப் புரியாதாம். அவன் படித்த படிப்புக்குக் கட்டின பீஸ், நான் காற்றைப் புரிந்துகொண்டதால் வந்தது. ஆனால் என் வீட்டுக்காரிக்கு அந்த மிஷின் மேல் உயிர். மகன் அனுப்பியதல்லவா? அடுப்படியில் கடுகு தாளித்தால் அதன் விளக்கு சிவந்துவிடும். “இந்தா, தாளிச்ச உடனே கண்ணு செவக்குது பாருங்க, உங்க ஆத்தா மாதிரியே” என்பாள். என் அம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆகியும் மருமகளிடம் தப்பவில்லை.

மிஷின் தூசியை எடுத்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. விளக்கு நீலமாக நிற்கும். ஆனால் அவள் நீல விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாள். அறைக்குள் நுழைந்தால் பழைய சோற்றுப்பானையைத் திறந்த மாதிரி ஒரு புழுக்கம். அதே காற்றைத்தானே திரும்பத் திரும்பச் சலித்துக் கொடுக்கிறது?

ஒருநாள் காலையில் ஒரு முழ நூலை எடுத்தேன். நடு அறையில் அவள் கட்டிலுக்கு மேலே ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். கொத்தனார் குண்டுநூல் மாதிரி நேராக நின்றது. அடுப்படி வாசலில் கட்டினேன், அங்கேயும் அப்படியே. காலமெல்லாம் நூல் ஆடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அன்றைக்குத்தான் ஆடாதா, ஆடாதா என்று நூலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேற்குச் சுவரை உடைக்க முடிவு பண்ணினேன். யாரிடமும் கேட்கவில்லை. கொத்தனாரை வரவைத்தேன், ஆனால் முதல் அடி நான்தான் அடித்தேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவரும் தறிக்காரர், என் வயசுதான், என்னிடம் வாயைக் கொடுப்பதே அவருக்கு வேலை.

“என்னவே, சொவத்துக்குள்ள புதையலா?”

“காத்து வேணும்வே.”

“ஆயுசு பூரா காத்து வரக் கூடாதுன்னு நூலத் திணிச்சீரு. இப்பம் அதே காத்துக்கு வாசல் வெட்டுதீராக்கும்? மேகாத்து உம்மளப் பாத்துக் கைகொட்டிச் சிரிக்கும்வே.”

“சிரிக்கட்டும். சிரிக்கவாவது உள்ள வருதான்னு பாப்போம்” என்றேன்.

சுவரும் தட்டும் சேருகிற மூலையைக் கொத்தும்போது அவள் அடைத்து வைத்திருந்த கழிவு நூல் கொத்துக் கொத்தாக விழுந்தது. கறுத்துப் போய், எலிக்கூடு மாதிரி. அவள் கட்டிலை விட்டு எழுந்து வந்து ஒரு கொத்தைக் கையில் எடுத்தாள். தட்டிப் பார்த்தாள். உள்ளே இன்னும் நிறம் இருந்தது.

“மாம்பழக் கலர். மக பொறந்த வருசம் ஓட்டினோமே, அந்தப் பாவு” என்றாள். அதைக் கீழே போட மனசில்லாமல் முந்தியில் முடிந்துகொண்டாள்.

ஜன்னல் வைத்தாயிற்று. நல்ல அகலம். கொசுவலையும் அடித்தேன். நூலைக் கட்டிவிட்டுப் பார்த்தால் லேசாக ஒரு அசைவு, அவ்வளவுதான். கொத்தனாரே சுணங்கிப்போனார். அங்கேதான் என் மண்டை வேலை செய்தது. உள்ளே வருகிற காற்று வெளியே போக வழி இருந்தால்தானே வரும்? முன் ஹாலுக்குப் போகிற கதவுக்கு மேலே சுவரை உடைத்து நீளமாக ஒரு சந்து விட்டேன். கிழக்குச் சுவரில் தட்டை ஒட்டி, சூட்டுக் காற்று ஏறிப் போகிற மாதிரி, உயரத்தில் இரண்டு ஓட்டை போட்டேன். அடுப்புக்கு மேலே இன்னொன்று. பெயிண்டில் ஒட்டிக்கிடந்த முன் ஜன்னல்களை உளியால் நெம்பினேன். கடைசி ஜன்னல் திறந்தபோது, அவள் கட்டிலுக்கு மேல் தொங்கின நூல் முதலில் நடுங்கியது. பிறகு கிழக்கே சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்று ஆடியது.

“ஏட்டி, அங்க பாரு” என்றேன்.

அவள் பார்த்தாள். பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

ஆனி பிறந்தது. முதல் மேல்காற்று மத்தியானத்தில் வந்தது. அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் இருந்தேன். அடித்த வேகத்தில் ஜன்னல் கதவு டமார் என்று மோத, உள்ளேயிருந்து ஒரு அலறல். “ஜன்னலச் சாத்துங்க! இழை அறுந்துரும்! சாத்துங்க!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, இல்லாத பாவை மறைத்துக்கொண்டிருக்கிறாள். கண் திறந்துதான் இருக்கிறது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எந்த இழை? பக்கத்துத் தறிக்கூடம் காலியாகக் கிடக்கிறது, கதவைத் திறந்தால் நம் குரலே திரும்பி வரும். நான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டு அவள் படுத்ததும் மறுபடி திறந்தேன். என் ஆயுசில் அப்படி ஒரு கேவலமான வேலை நான் செய்ததில்லை என்று தோன்றியது. சாத்தினதா கேவலம், திறந்ததா என்று கேட்டால் தெரியாது.

அன்றைக்குப் புழுதி உள்ளே வந்து அவளுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. மகள் போனில் கத்தினாள். “யப்பா, அம்மாவக் கொல்லணும்னே செவுத்த இடிச்சியளா?” போனை வைத்துவிட்டு நெடுநேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழையபடி செங்கலை வைத்துப் பூசிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பூசவில்லை. காற்றின் குணத்தைப் பார்த்தேன். அதிகாலையில் அது சாது. வெயில் ஏற ஏறத்தான் புழுதியை வாரிக்கொண்டு வரும். சாயங்காலம் மறுபடி அடங்கும். அதனால் விடியும் முன்பே திறந்துவிடுவேன். புழுதி கிளம்பும் நேரத்துக்கு மேற்கு ஜன்னலைச் சாத்தி, வீட்டின் வடக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் திறந்து வைப்பேன். சாயங்காலம் புறவாசலில் தண்ணீர் தெளித்து மண்ணைப் படியவைத்துவிட்டு மறுபடி திறப்பேன். தாளிக்கும் நேரம் அடுப்படி ஜன்னலும் மேல் ஓட்டையும் திறந்திருக்க, நடு அறைக் கதவைச் சாத்திவிடுவேன். கொசுவத்தியைத் தூக்கி எறிந்தேன். சாம்பிராணியை வாசலோடு நிறுத்தச் சொன்னேன். சாமி கோவிச்சுக்கும் என்றாள். “கோமதி அம்மன் கோயில்ல எத்தன வாசல் எத்தன மாடம், போய்ப் பாரு. சாமி காத்தாடத்தான் இருக்கு” என்றேன்.

அதற்கப்புறம் ஒரு மாற்றம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எனக்குத் தெரியும், நான்தான் பக்கத்தில் இருந்தேன். தலையணை ஒன்று குறைந்தது, பிறகு இன்னொன்று குறைந்தது. ஒரு காலையில் அவள் மல்லாந்து படுத்துத் தூங்குவதைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் படுத்திருந்தாளே, அந்த மாதிரி. பயந்துபோய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. இன்னொரு நாள் தானாகவே புறவாசலுக்குப் போய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். திருவேங்கடத்திலிருந்து அவள் அக்கா குடும்பம், தென்காசிப் பக்கத்திலிருந்து மகள், பெங்களூரிலிருந்து மகன். வீடு கொள்ளவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார்கள்.

“ஏட்டி, தேறிட்டியே! போன தடவ பாத்தப்ப வாயத் தொறந்து பேச முடியாமக் கெடந்த” என்றாள் அக்காக்காரி.

இவள் மூலையில் நின்ற மிஷினைக் காட்டினாள். “மகன் அனுப்பினான்லா. அது வந்த பொறவுதான்.”

எல்லாரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நீல விளக்கு எரிந்தது. மகன் அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினான். மேற்கு ஜன்னல் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதன் வழியாக வந்த காற்றில்தான் அவன் தலைமுடியே பறந்தது. “இது என்ன சித்தப்பா, புதுசா ஓட்டை ஓட்டையாப் போட்டு வச்சிருக்கிய? பூனை வராதா?” என்று அக்கா மகன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

காற்றுக்காலம் முடிந்தது. ஐப்பசியில் மழை பிடித்தது, கார்த்திகையில் ஈரமும் குளிரும். அவள் நெஞ்சு பழையபடி ஆனது. பழையபடி என்பதைவிட மோசம். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார், போனது போனதுதான் என்று. “இத்தனை நாள் ஓடினதே நீங்க நல்லாப் பாத்துக்கிட்டதாலதான்” என்றும் சொன்னார். ஆனால் அதைச் சொன்னபோது அவள் வெளியே பெஞ்சில் இருந்தாள், அறையில் டாக்டரம்மாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். சாட்சி கிடையாது.

மகன் வந்தான். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, அம்மாவைக் கூட்டிப்போகிறேன் என்றான். அவனும் மருமகளும் இருப்பது பன்னிரண்டாவது மாடி வீடு. ரோட்டுப் புழுதிக்காக ஜன்னலைத் திறப்பதே கிடையாது, இதைவிடப் பெரிய மிஷின் இருக்கிறது என்றான். என்னையும் கூப்பிட்டான். கூப்பிடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இந்தத் தெருவே பேசியது, பெண்டாட்டியைவிடக் கட்டின வீடு பெரிசாகப் போயிற்றா என்று. அவர்களுக்குத் தெரியாது. ஒரு வீட்டை ஒரு மழைக்காலம் பூட்டிப் போட்டால் சுவர் பூக்கும், பூஞ்சைவாடை ஏறும். அவள் திரும்பி வரும்போது அந்த வாடைக்குள்ளா நுழைவாள்? திறக்க ஒரு ஆள் வேண்டும். விடியலில் திறந்து, புழுதிக்குச் சாத்தி, சாயங்காலம் தண்ணீர் தெளித்துத் திறக்க ஒரு ஆள். அதற்குத்தான் இருந்தேன்.

கார் கிளம்பிப் போனபின் நடு அறைக்குள் வந்தேன். கட்டிலுக்கு மேல் ஆணி மட்டும் இருந்தது. நூலைக் காணவில்லை. காற்றில் அறுந்து விழுந்திருக்கும் என்று நினைத்துக் கட்டிலுக்கடியில் தேடினேன். வேறொரு நூலைக் கட்டினேன். அது ஆடியது. ஆடி என்ன பிரயோஜனம்? இழுத்து விட ஆள் இல்லாத காற்று, வந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

போனில் மகன்தான் பேசுவான். அம்மா நல்லா இருக்கா, நீல லைட்தான் எரியுது என்பான். போன வாரம் அவன் ஆபீசில் இருந்த நேரம், அவளே கூப்பிட்டாள். மருமகளின் போன். அடுத்த அறையில் மருமகள் இருந்தாள் போல, குரலைத் தணித்துப் பேசினாள். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

“இந்தாங்க... நம்ம நூல... நான்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“எந்த நூலு?”

“ஆணில கட்டியிருந்தியள்லா. இங்கன கட்டில் தலமாட்டுல கட்டிருக்கேன். ஆடவே மாட்டேங்கு.”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“நானே ஊதிப் பாத்தேன்... அதுக்கும் ஆடல.”

“ஏட்டி, அங்க ஜன்னல ஒரு விரக்கடை திறக்கச் சொல்லு.”

“அவன் மனசு சங்கடப்படும். வேண்டாம்.” கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள். “அந்த ஆடி மாசம்... உங்க ஜன்னலடியில... நல்லாத் தூங்கினேன்.”

“அதச் சத்தமாச் சொல்லுட்டி” என்றேன். என்னை அறியாமல் கத்திவிட்டேன். “மருமக காதுல விழட்டும். அவன் வந்ததும் அவன்கிட்டயும் சொல்லு. எல்லாரும் இருக்கையில சொல்லு!”

“சத்தமாச் சொல்ல... மூச்சு வேண்டாமா?” என்றாள். இருமல் வந்தது. மருமகள் வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

அவள் திரும்பி வருவாள் என்று நான் இப்போது நினைப்பதில்லை. ஜன்னலைத் திறக்கிறேன், சாத்துகிறேன், தண்ணீர் தெளிக்கிறேன், திறக்கிறேன்.

அவளுக்குச் சொல்ல மூச்சு இல்லாததால் நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் யாராவது திருத்திக்கொள்ளுங்கள், சேதியைத் திருத்த வேண்டாம். வீட்டை அடைத்தவன் நான் என்று என் மகள் சொல்கிறாள், தெரு சொல்கிறது. சொல்லட்டும், அடைத்தேன். ஆனால் திறந்தவன் யார்? அந்தச் சுவரில் முதல் அடி அடித்தவன் யார்? அந்த ஆடி மாசம் அவள் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்தாளே, அது மிஷின் கொடுத்த தூக்கம் இல்லை. மேற்கே இருந்து வந்த காற்று கொடுத்த தூக்கம், அந்தக் காற்றுக்கு வழி விட்டவன் நான். நாளைக்கு இந்த வீட்டில் பத்துப்பேர் கூடி உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசும் நாள் வரும். அன்றைக்கு மிஷினைப் பற்றிச் சொல்லுங்கள், மகனைப் பற்றியும் சொல்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். அதோடு என்னையும் சொல்ல வேண்டும். என் மகன் வாயால், எல்லாரும் கேட்க, சத்தமாகச் சொல்ல வேண்டும்: அம்மா கடைசியாக நன்றாக மூச்சு விட்டது அப்பா வெட்டின ஜன்னலடியில்.